விடை பத்தியில் இல்லை

நிமிடத்துக்கு எழுபத்திரண்டு சொல்.
ஜெனோவா மூச்சுவிடாமல் வாசித்து முடித்துப்
புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.
எதைப் பற்றி வாசித்தாய் என்றேன்.
"பதினாலாம் பக்கத்தைப் பத்தி டீச்சர்."

சிரித்தது நான் மட்டும்தான்.
பாம்பன் தெற்குவாடி, மூன்றாம் வகுப்பில்
மற்ற பதினெட்டுப் பேருக்கும்
அந்தப் பதிலில் ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் பலகையில் நாலே வரி:

கதிர் பள்ளியிலிருந்து ஓடி வந்தான்.
பையை நெஞ்சோடு அணைத்திருந்தான்.
தலையிலிருந்து நீர் சொட்டியது.
அம்மா துண்டை எடுத்தாள்.

வெளியே என்ன நடந்தது?

நோட்டில் எழுதிக்கொண்டு விரலை வைத்தார்கள்.
நீர் வற்றிய கரையில் சிப்பி தேடுகிற மாதிரி
வரிவரியாகத் தடவிப் போய்
திரும்ப மேலேறி வந்தார்கள்.
"ஒரு வரி விட்டுப்போச்சு டீச்சர்"
என்று சாக்பீஸை எடுத்து நீட்டினாள் சேதுப்பிரியா.

"கடல்ல குளிச்சிருப்பான்."
நம்புராஜன். அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன்.

நான் அருப்புக்கோட்டைக்காரி.
தலை நனைந்தால் எங்களுக்கு மழைதான்,
அதுவும் பெய்தால்.
தப்பு என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது.
ஹமீதா முந்திக்கொண்டாள்:
"பையோட எவன்டா குளிப்பான்?"

அப்புறம் வகுப்பு மீன் ஏலமாகிவிட்டது.
பையைக் கரையில வச்சிருப்பான்.
அப்ப ஏன் ஓடுறான்?
அம்மா அடிக்கும்னு.
அடிக்கிற அம்மா துண்டு எடுக்குமா?
பையை ஏன் அணைக்கிறான், அதைச் சொல்லு.
புக்கு நனையாம.

மழை என்று கடைசியில் யார் சொன்னது, நினைவில்லை.
பலகையில் அந்தச் சொல் கடைசிவரை இல்லை.

ஐப்பசியில் துறைமுகத்தில் கூண்டு ஏறியது.
அன்றைக்கு ஒரே வரி:

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது.

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?

அப்பா வீட்ல இருப்பாரு.
கருவாட்டுக் குழம்பு.
ஐஸ் கம்பெனிக்காரர் வந்து வாசல்ல கத்துவாரு.
கேரம் போர்டு, அப்பா தோத்துருவாரு.
அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை
என்று ஜெனோவா எழுதியிருந்தாள்,
நிமிடத்துக்கு ஒரு சொல்லாக.

நம்புராஜன் எழுதியது இரண்டே சொல்:
எப்பவும் போலத்தான்.
சரி போட்டுவிட்டு
அடுத்த நோட்டை எடுத்தேன்.

தை மாதம் வட்டாரத்திலிருந்து ஸ்டாப்வாட்ச் வந்தது,
கூடவே ஓர் அலுவலர்.
கெட்டவர் இல்லை.
பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்திருந்தார்.

நம்புராஜனுக்குக் கிடைத்த பத்தியில்
ஒருத்தி உலை வைக்கிறாள்.
விளக்கைப் போடுகிறாள்.
இரண்டு தட்டுகளைக் கழுவி வைக்கிறாள்.
ஒன்றில் சாப்பிடுகிறாள்.

அங்கே நின்றுவிட்டான்.

விரல் மேலே போனது, விளக்குக்கு, உலைக்கு.
கீழே இறங்கி இரண்டாவது தட்டில் உட்கார்ந்துகொண்டது.
பாலத்தில் ஒரு ரயில் முழுதாகக் கடந்து போனது.
அலுவலர் பொத்தானை அழுத்தி எழுதினார்:
முப்பத்தொரு சொல். திணறுகிறான்.

அவர் போன பிறகு கேட்டேன்,
எந்தச் சொல் தெரியவில்லை?
"எல்லாம் தெரியும் டீச்சர்."
பிறகு ஏன் நின்றாய்?

பதில் தெரியாத பிள்ளையை
நான் எப்படிப் பார்ப்பேனோ
அப்படிப் பார்த்தான் என்னை.
கொஞ்சம் பொறுமையாகவே.

சாயங்கால பஸ்ஸில்
ஐப்பசி நோட்டை மடியில் விரித்தேன்.
என் சிவப்பு மை 'சரி'க்கு மேலே அந்த இரண்டு சொல்.
விரலை வைத்து வாசித்தேன்.
மண்டபம் போனது.
உச்சிப்புளியில் பாதிப் பேர் இறங்கினார்கள்.
நான் இன்னும்
முதல் சொல்லைத் தாண்டவில்லை.